அம்மா பார்த்தால் நிற்கும் பிளஷர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்கால் வலியில்தான் போய் முடிகிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் என் பெரியப்பாவின் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா மகளைப் பார்த்தேன். அவளுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. புறப்படும்போது அவள் மருமகன் கார்க் கதவைத் திறந்து பிடிக்க, அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு நேரே பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என்னிடமும் கார் இருக்கிறது, என் மகனும் நன்றாகத்தான் ஓட்டுகிறான். இருந்தும் எரிந்தது. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சங்கரன்கோவிலில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் முன்பு ஒரே வீடுதான். தாத்தா போன பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். முற்றம் அவர்கள் பக்கம் போயிற்று, கிணறு எங்கள் பக்கம் வந்தது. அம்மாவும் பெரியம்மாவும் அடுத்தடுத்து அந்த வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். சுவர் எழும்பும்வரை தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே கரைச் சேலைதான் எடுப்பார்கள். சுவர் எழும்பிய பிறகு பெரியப்பாவின் வத்தல் மண்டி வளர்ந்தது. அப்பா தாலுகா ஆபீசில் எழுதிக்கொண்டே இருந்தார். சேலைகளின் கரை வேறு வேறாகிவிட்டது.

எழுபதுகளில், மிளகாய் நன்றாக விலைபோன ஒரு வருஷம் சித்திரையில், பெரியப்பா தென்காசி டாக்டர் ஒருவர் வைத்திருந்த பழைய காரை வாங்கி வந்தார். எங்கள் பக்கம் அப்போது கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிளஷர் என்றுதான் சொல்வார்கள். கறுப்பு நிறம், உருண்டை முதுகு, சிவப்பு ரெக்சின் சீட்டு. உள்ளே பெட்ரோல் வாசமும் டாக்டர் பெட்டியின் டிஞ்சர் வாசமும் கலந்து அடிக்கும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முன்பக்கம் மூக்குக்குக் கீழே ஒரு ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அந்த ஹேண்டிலை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? என் பேரனிடம் சொன்னால் கிணற்றில் தண்ணீர் இறைப்பதைச் சொல்கிறேன் என்று நினைக்கிறான்.

வண்டி வந்த அன்றே கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பெரியம்மா சந்தனம் குங்குமம் வைத்து, மேலே புற்றுமண்ணும் பூசினாள். எங்கள் ஊரில் புற்றுமண் என்பது கோயிலில் கொடுக்கும் பிரசாதம். சிரங்கு வந்தால் குழைத்துப் பூசுவோம், பாம்பு பல்லி வராமல் இருக்க வீட்டு மூலைகளில் தூவுவோம், வயிறு வலித்தால் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயில் ஒரு சிட்டிகை போடாத தாய் எங்கள் தெருவில் கிடையாது. எனக்கு இன்றும் அந்த மண்ணின் ருசி நாக்கில் இருக்கிறது.

முதல் சவாரிக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு. முன் சீட்டில் டிரைவர், பெரியப்பா, நடுவில் பெரியப்பா மகள். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், காதில் ஒரே மாதிரித் தோடு. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பின்னால் என் அக்காவின் மடியில் நெருங்கி உட்கார்ந்து, முன்னால் ஆடிய பெரியப்பா மகளின் ரிப்பனைப் பார்த்துக்கொண்டு போனேன். ஹார்னை அடிக்கலாமா என்று அவள் கேட்டாள், டிரைவர் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்து அமுக்கினார். எதிரே ஆளில்லாத ரோட்டில் அது பாம், பாம் என்று கத்தியது. அந்த இடத்தில்தான் எனக்கு முதல்முதலாக வயிறு எரிந்தது.

அம்மா பின் சீட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"மெத்த மாதிரில்லா இருக்கு அக்கா. ஏறி உக்காந்தா எறங்க மனசே வராது போலருக்கு."

கரிவலம் வருவதற்கு முன்பே பிளஷர் இரண்டு தரம் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சட்டை நனையும்வரை சுற்றினார். அது முனகியதோடு சரி. எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்துச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றியதும் ஒன்றுமே நடக்காததுபோல உறுமிக்கொண்டு கிளம்பியது. "புது எடம்லா, பழகணும்" என்றார் பெரியப்பா. பெரியம்மா மட்டும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவர்கள் புறப்படும்போது அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்காமல், "எங்க அக்கா கெளம்பிட்டிய?" என்று கேட்டுவிட்டாள். புறப்படுகிறவர்களிடம் எங்கே என்று கேட்கக்கூடாது என்பது அம்மாவுக்கும் தெரியும். அன்றைக்குப் பிளஷர் பஜார் திருப்பத்தில், துணிக்கடை வாசலில், ஊரே பார்க்க நின்றது. ஆட்கள் கூடித் தள்ளி ஓரங்கட்டினார்கள். அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் மிளகாயும் உப்பும் அடுப்பில் வெடிக்கிற சத்தம் கேட்டது. பெரியம்மா சுற்றிப் போட்டிருந்தாள். யாருடைய கண்ணுக்கு என்று சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

பெரியப்பா ஒர்க்‌ஷாப்காரரைக் கூட்டி வந்தார். அவர் ஒரு வாயாடி. வண்டியைத் தொடுவதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார். முதலில் பேட்டரி என்றார், மாற்றினார். பிறகு பிளக் என்றார், அதையும் மாற்றினார். மாற்றியதும் வண்டி கொஞ்ச நாள் ஓடும், அவர் ஓட்டலில் உட்கார்ந்து பெருமை பேசுவார், வண்டி மறுபடி நிற்கும். ஒருநாள் தெருவே கூடி நிற்கையில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"ஒரு வண்டி நின்னுட்டுன்னா ரெண்டே காரியம்தான் அண்ணாச்சி. ஒண்ணு நெருப்பு இல்ல, இல்லைன்னா எண்ண இல்ல. மூணாவது ஒண்ணு இந்த ஒலகத்துல கெடையாது."

பிளக் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு டிரைவரை ஹேண்டில் சுற்றச் சொன்னார். டப் டப்பென்று நீலமாகப் பொறி பறந்தது. பிள்ளைகள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். "நெருப்பு இருக்கு" என்றார். அடுத்து பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றி, பம்பை விரலால் ஆட்டினார். பெட்ரோல் இரண்டு மடக்கு வந்து, பிறகு சொட்டுச் சொட்டாகி, நின்றது. பம்புக்கு அடியில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதைக் கழற்றினார். அடியில் சிவப்பாக மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது.

"பழைய டேங்குலா, துரு. எல்லா வண்டியிலயும் உள்ளதுதான்" என்று அதைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தார். "இது வெயிலுக்குள்ள கோளாறு. சூடு தாங்காம பெட்ரோலு பம்புக்குள்ளயே ஆவியாப் போயிருது. ஆறினா சரியாயிரும். இனிமே நின்னுச்சுன்னா ஒண்ணும் செய்யாண்டாம். ஈரத்துணிய நனைச்சு இது மேல போட்டுட்டு, ஒரு காப்பியக் குடிச்சிட்டு வாங்க."

சித்திரை வெயிலில் யார்தான் நம்ப மாட்டார்கள்? அதிலிருந்து டிரைவர் காலடியில் ஒரு கூஜாத் தண்ணீரும் பழைய வேட்டிக் கிழிசலும் வைத்துக்கொண்டார். அவர் சொன்னபடியே நடந்தது. வண்டி நிற்கும், துணியைப் போடுவார்கள், காத்திருப்பார்கள், கிளம்பும். வைத்தியம் பலித்துவிட்டதென்று பெரியப்பா சந்தோஷப்பட்டார்.

பெரியம்மா வேறு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயிலு எல்லா நாளும்தான் அடிக்கி. அவ நின்னு பாக்குத நாள்ல மட்டும் ஏன் நிக்குது?" என்று பெரியப்பாவிடம் கேட்டது எங்கள் அடுக்களைவரை கேட்டது. அம்மா தினமும்தான் வாசலில் நின்றாள். தெருவில் இருக்கிற வீட்டுக்காரி வாசலில் நிற்காமல் எங்கே போய் நிற்பாள்? அம்மா பார்த்தும் வண்டி நிற்காத நாட்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் எனக்குத் தெரிகிறது, அப்போது எனக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மா டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தாம்பாளத்தில் கர்ப்பூரமும் புற்றுமண்ணும் எடுத்துக்கொண்டு பிளஷரைச் சுற்றி வருவாள். முன்னால் பூசுவது தெரியும். பின்பக்கம் போய்க் குனிந்தால் அவள் கொண்டை மட்டும்தான் எங்கள் சன்னலுக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கொள்ளிக்கண் என்று தெருவில் பேச்சு பரவியது. பால்காரி, கறந்த பாலை அம்மா கண்ணில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்து ஊற்றினாள். அப்பாவிடம் அம்மா அழுதாள். அப்பா, "மைனி ஏதோ பயத்துல சொல்லுதாவ, விடு" என்று அண்ணியை விட்டுக்கொடுக்காமல் பேப்பரைப் புரட்டினார். அப்பா யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு வந்த பிறகு பெரியம்மாவுக்கு அம்மாவைக் கண்டால் பயமாகிவிட்டது. வீட்டில் அதிரசம் சுட்டால் முதல் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. புதுச்சேலை கட்டினால் மேலே பழைய துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்தாள். பெரியப்பா மகள் என்னிடம், "எங்க பிளஷரு ரொம்பப் பழசுட்டி, நல்லாவே இல்ல" என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். சுவர் எழும்பிய நாளிலிருந்து எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாதவர்கள் அவர்கள். அம்மா அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பாகு எளசு" என்பாள். ஆனாலும் முழுசும் தின்பாள்.

வைகாசியிலா ஆனியிலா, ஒரு மத்தியானம் அவர்கள் எல்லோரும் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. பெரியப்பா மகள் வழக்கம்போல் முன் சீட்டில். நான் பொங்கிப் பொங்கி அழுதேன். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அம்மா என் கையைப் பிடித்துச் சன்னலுக்கு இழுத்துப்போனாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏட்டி, நெசமாவே நாம பாத்தா நிக்குமோ?"

"தெரியலம்மா."

"அழாத. வா, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நான் இமைக்கவே இல்லை. அந்தப் பின் சீட்டையும் ரிப்பனையும் ஹார்னையும் பாம் பாம் என்ற சத்தத்தையும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். அம்மா எதையெல்லாம் பார்த்தாளோ, அவள் கை என் தோளை இறுக்கிக்கொண்டே போனது. பிளஷர் தெருவின் கடைசிவரை போயிற்று. இரண்டு தரம் இருமியது. நின்றது.

அம்மா சன்னலைப் படாரென்று சாத்தினாள். சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் விசேஷம் எதுவும் இல்லாமல் சேமியாப் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று அப்பா கேட்டதற்கு, "பிள்ள கேட்டா" என்றாள்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டது. பெரியம்மா கோயிலிலிருந்து ஒரு பை நிறையப் புற்றுமண் வாங்கி வந்தாள். ஆவணியில் எங்கள் அக்காவுக்கு ராயகிரியில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டு. பெண்ணைப் பிளஷரில் கூட்டிப்போகலாம் என்று பெரியப்பா தாமாகவே சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாள் பெரியம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"பொண்ணு பிளஷர்ல வரட்டும். நான் பக்கத்துல இருந்து கூட்டிட்டு வாரேன். அவ அம்ம பஸ்ஸுல வரட்டும். நல்ல காரியத்துக்குப் போற வண்டி, வழியில நின்னுட்டா முகூர்த்தம் தப்பிரும். நான் ஒண்ணும் மனசுல வச்சுச் சொல்லல."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. பெண்ணைப் பெற்றவள் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்து மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்க வேண்டும். பெண்ணை யாரோ கூட்டிவர, தாய் பின்னால் பஸ்ஸில் வந்து இறங்கினால் சம்பந்தி வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கொள்ளிக்கண்ணியின் மகள் என்ற பெயரோடு அக்கா அந்த வீட்டில் எத்தனை காலம் இருக்க வேண்டியிருக்கும்? அங்கே பால் திரிந்தாலும் மாடு படுத்தாலும் அவள் தலையில்தான் விடியும். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "மைனி சொல்லுததும் சரிதான்" என்றார்.

"ஆமா, எனக்குப் பொறாமதான்" என்றாள் அம்மா, பெரியம்மா போன பிறகு, யாரிடம் என்றில்லாமல். "அவளும் நானும் ஒரே அடுப்புல வெந்தவங்கதான. எனக்கு இருக்காதா? அதுக்காக எம்பிள்ள கல்யாணத்த நானே நிறுத்துவனா?"

கல்யாணத்தன்று காலையில் நல்ல சாரல் காற்று. மேற்கே மலை தெரியவே இல்லை, லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மல்லிகையும் பட்டும் ஈர மண்ணும் மணக்க அக்கா பிளஷரில் ஏறினாள். பெரியம்மா ஒரு பக்கம், எங்கள் அத்தை ஒரு பக்கம். முன் சீட்டில் பெரியப்பா, அவருக்கும் டிரைவருக்கும் நடுவில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா திரும்பித் திரும்பி அம்மாவைத் தேடினாள். அம்மா வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வண்டி போகும்வரை வாசலுக்கே வரவில்லை. அதன் பிறகு நாங்கள் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

பஸ் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். எனக்குச் சன்னல் சீட்டு கிடைத்திருந்தது. புளியமர வரிசையில், தூறலில், கறுப்பாக ஒன்று ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. பெரியப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டில் சுற்றினார். டிரைவர், மழையில் நனைந்து கிடக்கிற பம்பின் மேல் ஈரத்துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து பஸ்ஸில் ஒருவர் சிரித்தார்.

"அம்மா, பிளஷரு" என்றேன்.

"நான் பாக்கல" என்றாள் அம்மா. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணையும் பாக்கல."

அப்பா கண்டக்டரிடம் ஓடினார். விசில் ஊதி பஸ் நின்றது. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை. அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் நகர்ந்து வழிவிட்டார்கள். அவள் யாரையும் கேட்காமல் நேரே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கண்ணைத் திறந்தாள். அக்காவின் நெற்றியில் வழிந்திருந்த குங்குமத்தை விரலால் சரி செய்தாள். அப்புறம் ராயகிரிவரை அவள் கையை விடவே இல்லை.

பெரியம்மாவுக்கு அப்பா எழுந்து இடம் கொடுத்தார். பெரியப்பா மகளுக்கு இடம் இல்லை. கம்பிக்குக் கை எட்டாமல் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆடி ஆடி நின்றாள். ரிப்பன் நனைந்து தொங்கியது. என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பயணம் எனக்கு அமையவில்லை.

பெரியம்மா அதையும் கெடுக்கப் பார்த்தாள். "வண்டியில ஏத்தலைன்னா என்ன, பின்னாலயே மனசு வந்துக்கிட்டு இருந்திருக்குல்லா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். பஸ்ஸில் ராயகிரிக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். தாலி நேரத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி அம்மாவைக் கண்டதும் தன் இலைப் பாயசத்தைக் கையால் மறைத்தாள். பேச்சு எங்களுக்கு முன்பே பந்திக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்காரர் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு வந்தார். சாரலில் நின்ற வண்டிக்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. நெருப்பு இருக்கிறது என்று அவரே காட்டியிருந்தார். மிச்சம் எண்ணெய்தான். "டேங்கக் கீழ எறக்கிப் பாத்துருவோம் அண்ணாச்சி" என்றார். கிணறு எங்கள் பக்கம் என்பதால் கழற்றிய டேங்கை எங்கள் கொல்லைக்குத்தான் கொண்டு வந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்மா கிணற்றடியில் நின்றாள்.

பெட்ரோலை ஒரு தகரத்தில் வடித்தார். பிறகு டேங்கைத் தூக்கிக் கவிழ்த்தார். செக்கச்செவேலென்று சேறு கொழகொழவென்று வந்து விழுந்தது. வந்துகொண்டே இருந்தது.

"என்னவே இம்புட்டுத் துரு?" என்றார் பெரியப்பா.

ஒர்க்‌ஷாப்காரர் அதில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தார். முகர்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"துரு இல்ல அண்ணாச்சி. மண்ணு. இது தானா வாரதில்ல, யாரோ அள்ளிப் போட்டிருக்காவ. வண்டி ஓடும்போது இந்த மண்ணு போய் பெட்ரோல் போற வாய அடைச்சிருது. நின்னு ஆறினா கீழ உக்காந்திருது, பெறகு ஓடுது. வெயிலும் இல்ல ஒண்ணும் இல்ல."

எல்லோரும் மெல்ல மெல்ல அம்மா பக்கம் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார். அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கண் வைத்தது போதாதென்று கையும் வைத்துவிட்டாள் என்று அந்த நிமிஷம் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா பின்னுக்கு நகர்ந்து கிணற்றுச் சுவரில் சாய்ந்தாள்.

ஒர்க்‌ஷாப்காரர், வழுக்கும் என்று, அந்தச் சேற்றைக் காலால் சாக்கடைப் பக்கம் தள்ளப் போனார்.

"கால வைக்காதேயும்" என்று பெரியம்மா ஓடிவந்தாள். "சாக்கடையில தள்ளிராதேயும். அது மண்ணு இல்ல. கோயில் பிரசாதம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. பெரியப்பா அவளைப் பார்த்தார்.

"நீயா போட்ட?"

"மேல பூசினா மட்டும் கேக்காது. வயித்துக்குள்ள போனாத்தான கேக்கும்" என்றாள் பெரியம்மா, சின்னக் குரலில். "பிள்ளையளுக்கு வாயில போடுதோம்லா. வண்டிக்கு வாய் அதுதானன்னு, வண்டி வந்த அன்னைக்கே பெட்ரோலு ஊத்துத மூடியத் தெறந்து கொஞ்சம் போட்டேன். நிக்க நிக்க இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன். தபசுக்கு வாங்கினத முழுசும் போட்டேன். நல்லதுக்குத்தான் போட்டேன்."

பெரியப்பா அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அழுதுகொண்டே அந்தச் சேற்றை இரண்டு கையாலும் அள்ளி எங்கள் முருங்கை மரத்தடியில் போட்டாள். பெட்ரோல் பட்ட மரம் பட்டுப்போயிற்று என்பது வேறு கதை. அள்ளி முடித்துவிட்டு அதே கையோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "தப்பா நெனைச்சிட்டேன்ட்டி. ஒன் கண்ணுல ஒரு பாவமும் இல்ல. மறுவீடு அழைக்கப் போம்போது நானே ராயகிரிக்கு வந்து அவுககிட்ட சொல்லுதேன்" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே, "பாத்தியா, பழி போயிட்டு" என்றார். அம்மா தரையில் செம்மண் கறை படிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி செய்தாள் பெரியம்மா. அந்த வாரமே அக்காவையும் மாப்பிள்ளையையும் மறுவீடு அழைக்கப் பிளஷர் புறப்பட்டது. பெரியம்மா முன் கதவைத் திறந்து, "நீ முன்னால ஏறுட்டி" என்றாள். துண்டு போர்த்தாமல் புதுச்சேலை கட்டியிருந்தாள். பெரியப்பா மகளைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அம்மா முன் சீட்டில் ஏறினாள், நான் அம்மா மடியில் உட்கார்ந்தேன். எத்தனை மாதம் கனவு கண்ட இடம். ஹார்னையும் அமுக்கினேன். டிரைவர் அண்ணாச்சி கையைப் பிடித்து அமுக்கவைத்தார். பாம், பாம். பின்னால் திரும்பிப் பெரியப்பா மகளைப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பின்னால் பெரியம்மா கவலையில்லாமல் பேசிக்கொண்டே வந்தாள், புது வளையலைப் பற்றி, வாங்கப்போகிற பம்பு செட்டைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி. இனி எங்கள் முன்னால் எதையும் மூடி வைக்க அவளுக்குக் காரணம் இல்லை. அதிரசத் தட்டும் அதோடு நின்றுபோகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா பானெட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கை என் தோளை இறுக்கியது, சன்னலில் நின்ற அன்றைப் போலவே. புளியமர வரிசை வந்தது, போயிற்று.

ராயகிரியில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் வண்டி நின்றது. பெரியம்மா இறங்கியதும் முதல் வேலையாக மாப்பிள்ளையின் அத்தையைத் தனியே கூட்டிப்போனாள். மண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் போலும், இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா ஓடி வந்தாள். அம்மா இறங்காமல் அந்தச் சிவப்பு சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"வழி முழுக்கப் பாத்துக்கிட்டே வந்தேன்ட்டி" என்றாள். "ஒரு இருமல்கூட இருமல."